கிருமி வளர்த்த கதை

நம் சங்க மலரில் இசை விழாக்களைப் பற்றியும், சொற்பொழிவுகளைப் பற்றியும், ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை என்பதைப் பற்றியும் எழுதுவது வழக்கம். கிருமிகளைப் பற்றி எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. எழுத வேண்டிய அவசியந்தான் என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். தலைநகரில் குடியேறி வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும், அறிந்தோ அறியாமலோ, கிருமி வளர்க்கும் தொழிலில் ஈடுபட்டிருக்கிறது என்பதே என் விடை. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்காகச் சனிக்கிழமை மாலை அரைத்து மூடி வைக்கும் மாவும், இரவில் உறை ஊற்றி வைக்கும் பாலும் வேறென்ன? மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லையே என்று பாத்திரத்தை ரஜாய்க்குள் சுற்றிப் படுக்க வைக்கும் தாய்மார், கைக்குழந்தைக்குச் செய்யும் அதே சிசுருஷையை எண்ணற்ற நுண்ணுயிர்களுக்குச் செய்கிறார்கள். பெயர்தான் தெரியாது.

மைக்ராஸ்கோப் என்னும் உருப்பெருக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது சென்ற ஐப்பசியில். நான் மத்திய அரசின் கணக்கு இலாகா ஒன்றில் 34 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானம் என்பது கல்லூரி நாட்களில் வெங்காயத் தோலைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்த அளவோடு நின்றுபோயிற்று. எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்திக்குப் பிறந்தநாள் பரிசாக ஏதேனும் வாங்க வேண்டும் என்ற போது, கைப்பேசியைத் தவிர வேறு எதையும் அவள் கேட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். அவளோ உருப்பெருக்கி கேட்டாள். டில்லியிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் ஹரியானாவில் உள்ள அம்பாலா நகரத்தில் பள்ளிக்கூடங்களுக்கான விஞ்ஞானக் கருவிகள் செய்வது பெருந்தொழில். அங்கே செய்யப்பட்ட மாணவர் கருவி ஒன்றை வாங்கினோம். 4, 10, 40, 100 என்று நான்கு பொருளருகு வில்லைகள். கண்ணருகு வில்லை பத்து மடங்கு. ஆகக் கடைசி வில்லையில் ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்க்கலாம். பாக்டீரியாவின் பருமன் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆதலால் ஆயிரம் மடங்கு பெருக்கினாலும் கோலப்பொடியில் சிந்திய ஒரு சிறு புள்ளி அளவுக்குத்தான் அது கண்ணுக்குத் தோன்றும். பெரிய பூச்சிகள் நெளிவதைக் காணலாம் என்ற ஆசையோடு வருபவர்கள் ஏமாறுவார்கள்.

இவ்வளவு செலவு செய்ய இயலாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மீரட்டில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷ் என்பவர் 2014-ஆம் ஆண்டில் தம் மாணவரோடு சேர்ந்து தாளை மடித்துச் செய்யும் உருப்பெருக்கி ஒன்றை உலகுக்குக் காட்டினார். ஃபோல்டுஸ்கோப் என்பது அதன் பெயர். சுமார் 140 மடங்கு பெருக்கும். குளத்து நீரிலுள்ள உயிர்களுக்கும், எறும்பின் காலுக்கும், மகரந்தத்துக்கும் அது தாராளமாகப் போதும். பாக்டீரியாவைத் தெளிவாகக் காட்டுவது அதன் சக்திக்கு மிஞ்சிய காரியம்.

இனி, வீட்டில் எழுந்த வழக்கைச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே திசை தவறி, மூட்டுகளைப் பகையென்று கருதித் தாக்கும் நோய் அது. அதற்குக் கொடுக்கும் மருந்து அந்தச் சக்தியை அடக்கி வைக்கிறது, வீக்கம் தணிகிறது. ஆனால் காவல்காரனைக் கட்டிப்போட்டால் அவன் வீட்டாரை அடிக்கமாட்டான் என்பது உண்மையானால், திருடனையும் பிடிக்கமாட்டான் என்பதும் உண்மையன்றோ? சாதாரண இருமல், காய்ச்சல் கண்டாலும் நாங்கள் அலட்சியமாக இருப்பதற்கில்லை. இத்தகைய வீட்டில்தான் பேத்தி ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, "தாத்தா, நாம் வீட்டிலேயே பாக்டீரியா வளர்க்கலாம். நாலாத் தண்ணீர் ஒரு சொட்டு, குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு, செருப்பின் அடியில் துடைத்தது கொஞ்சம். எதில் அதிகம் வருகிறதென்று படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள்.

என் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "கிருமியைக் கொல்லுவார்கள் என்று கேட்டிருக்கிறேன், வளர்ப்பாரும் உண்டா?" என்றாள். அவள் குரலில் கேலி இருந்தது. அதனடியில் அச்சமும் இருந்தது. பேத்தியின் முகம் வாடிற்று. பாட்டியின் நோய்க்கும் தன் விருப்பத்துக்கும் நடுவே தன்னை நிறுத்திவிட்டார்களே என்ற வருத்தம் பதின்மூன்று வயதுக்கு மிகப் பெரியது. ஒரு பக்கம் பிள்ளையின் ஆர்வம், மறுபக்கம் உயிரச்சம். நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

அந்த இரண்டு நாட்களில், மனைவிக்கு வைத்தியம் செய்யும் மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதன் சாரம் இது: வீட்டில் அன்றாடம் உண்ணும் தயிரையும் மாவையும் உருப்பெருக்கியில் பார்ப்பதில் தடையில்லை, எங்கிருந்தோ எடுத்த, இன்னதென்று தெரியாத ஒன்றைத் தட்டில் பெருக்கி இந்த வீட்டில் வைப்பது மட்டும் கூடாது. அபாயம் இருப்பதில் இல்லை, பெருக்குவதில் இருக்கிறது என்றார்.

அந்தச் சொல்லை நான் கணக்கனுக்குரிய முறையில் சோதித்துப் பார்த்தேன். நல்ல உணவும் இளஞ்சூடும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகப் பிளக்கின்றன. மணிக்கு மூன்று மடிப்பு. பத்து மணி நேரத்தில் முப்பது மடிப்பு. ஒன்றை முப்பது முறை இரட்டித்தால் 107 கோடிக்கு மேல் வருகிறது. வட்டிக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கே தலை சுற்றிற்று. தட்டில் உணவு தீர்ந்து, கழிவு சேர்ந்து, பெருக்கம் நின்றுவிடும் என்பது வேறு விஷயம். செருப்பின் அடியில் ஒன்றிரண்டாக இருந்து நமக்குத் தீங்கு செய்ய மாட்டாத ஒன்று, தட்டில் ஒரே இரவில் கோடிக்கணக்கில் நிற்கும். அதன் மூடியைத் திறந்து மூச்சு விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

நாலாத் தண்ணீரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. டில்லிவாசிகள் அறிந்திருக்க வேண்டியது. 2008-இல், புது டில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய இந்திய வம்சாவளியினரான ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம், மிகக் கடைசியாகக் கையிருப்பில் வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையும் முறியடிக்கும் பாக்டீரியா காணப்பட்டது. அந்த வலிமையைத் தரும் மரபணுவுக்கு நம் நகரத்தின் பெயரையே சூட்டி, என்.டி.எம்.-1 என்றார்கள். ஊர்ப் பெயரை நோயோடு முடிச்சுப் போட்டது இங்கே பெரிய எதிர்ப்பைக் கிளப்பிற்று. அஃது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை விரிவாகக் காட்டிய 2010-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்ற தமிழர். அடுத்த ஆண்டு, 2011-இல், வேறோர் ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. டில்லித் தெருக்களில் தேங்கி நின்ற நீரில் 171 மாதிரிகளும், குடிநீர்க் குழாய்களில் 50 மாதிரிகளும் எடுத்துச் சோதித்ததில், தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும் குழாய் நீரில் 2 மாதிரிகளிலும் அந்த மரபணு இருந்தது. இந்த மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக் கூடியது என்பதுதான் இதில் கவலைக்குரியது. இதை நான் பேத்திக்குப் படித்துக் காட்டினேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. "சரி தாத்தா, நாலா வேண்டாம்" என்றாள். பயமுறுத்திப் பணிய வைத்தேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். எண்ணிக்கையைக் காட்டினால் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் ஒப்புக்கொள்கிறார்கள்.

பள்ளியின் பாடம் மட்டும் மிச்சம் இருந்தது. வகுப்பாசிரியைக்கு நிலைமையை விளக்கிக் கடிதம் எழுதினேன். தட்டுகளை நாங்கள் தயாரித்துத் தருகிறோம். கிருமி இடுவதும், வளர்ப்பதும், அழிப்பதும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நடக்கட்டும் என்று கேட்டேன். அந்த அம்மையார் இசைந்தது மட்டுமின்றி, மற்றப் பிள்ளைகளின் தட்டுகளையும் வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே வைத்துக்கொண்டார். தட்டின் மூடியை நாடாவால் ஒட்டிவிட வேண்டும், வளர்ந்த பின் திறக்கவே கூடாது, மூடியின் வழியாகவே பார்க்க வேண்டும், பார்த்து முடிந்ததும் அழுத்த நீராவியில் வைத்துக் கொன்ற பிறகே எறிய வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. இதற்கென ஆய்வுக்கூடங்களில் உள்ள ஆட்டோகிளேவ் என்னும் கலம் வேறொன்றுமில்லை. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூத்த சகோதரன். 1879-இல் பிரான்சில் சார்ல்ஸ் சாம்பர்லாந்து அமைத்தது. இரண்டிலும் நீராவியின் சூடு 120 பாகையை ஒட்டி ஏறுகிறது.

தட்டு தயாரித்த கதை சுவையானது. கிருமி வளர்ப்போர் பயன்படுத்தும் அகர் என்ற பொருள், மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று விற்பது. நம் கடற்கரை ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் நோன்புக் காலத்தில் செய்யும் கடற்பாசி இனிப்பும் அதுவே. மன்னார் வளைகுடாவில் மண்டபம், இராமேசுவரம் பக்கத்து மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று அவர்கள் அழகாகப் பெயரிட்டிருக்கும் வகைகளிலிருந்து அகர் காய்ச்சப்படுகிறது. இந்தப் பாசிக் கூழ் விஞ்ஞானத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு குடும்பப் பெண்ணால். ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே என்பவர், ஜெலட்டின் பூசிய தட்டுகள் கோடை வெப்பத்தில் உருகிவிடுவதைக் கண்டு வருந்தினார். அவர் மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸே, தம் வீட்டுப் பழக்கூழ் மட்டும் வெயிலில் உருகுவதில்லையே, அதில் சேர்க்கும் அகரை முயன்று பார்க்கலாகாதா என்றார். ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சுக்காரர்கள் வாயிலாக அவர் அறிந்த பக்குவம் அது. ஆண்டு 1881. கோக் 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். அந்த அம்மையாரின் பெயரைக் குறிப்பிடவில்லை. பெட்ரி என்பவர் 1887-இல் செய்த மூடியுள்ள தட்டுக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. அதில் ஊற்றும் கூழுக்கு உரியவர் பெயர் நிலைக்கவில்லை. இதைக் கேட்ட என் மனைவி, "அடுக்களையில் கண்டுபிடித்தால் அப்படித்தான்" என்றாள். அன்றுதான் அவள் இந்த விவகாரத்தில் முதன்முதலாக எங்கள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள்.

அகர் சுமார் 85 பாகைச் சூட்டில் உருகும்; ஆறி 40 பாகைக்குக் கீழ் வந்தால்தான் உறையும். லிட்டருக்கு 15 கிராம் போதும். ஊட்டத்துக்கு மாமிச ரசம் சேர்ப்பது வழக்கமாம். சைவ வீட்டில் அதற்கு எங்கே போவது? உப்பில்லாமல் வேகவைத்த துவரம்பருப்பின் தெளிநீரில் சிறிது சர்க்கரை கலந்து, பாயசத்துக்கு உதவாத பழைய குக்கர் ஒன்றில் வேகவைத்து ஊற்றினோம். பள்ளியில் அதில் கிருமிகள் குறைவின்றி வளர்ந்தனவாம். கை கழுவுமுன் பதித்த விரலுக்கும், சோப்பிட்டுக் கழுவிய பின் பதித்த விரலுக்கும் உள்ள வேற்றுமையைப் படத்தில் பார்த்தோம்.

வீட்டில் நாங்கள் பார்க்கத் தொடங்கியது இட்லி மாவு. பொங்கிய மாவில் ஒரு துளியை நீரில் கரைத்துக் கண்ணாடிச் சில்லில் இட்டால், முதலில் தெரிவது பாக்டீரியா அல்ல. கூழாங்கல் குவித்தாற்போல மாவுமணிகள். அரிசியின் மணிகள் மூலை மூலையாய்ச் சிறியவை. உளுந்தின் மணிகள் நீள் உருண்டையாய்ப் பெரியவை. டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால் யாவும் கருநீலமாகிவிடும். அந்தக் கற்களுக்கு இடையே, நிறம் ஏறாமல், இரண்டிரண்டாகவும் சிறு சரமாகவும் கடுகினும் நுண்ணிய பொட்டுகள். அவைதாம் இட்லியைப் பஞ்சாக்குபவை. லூகோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்று அவற்றுள் முக்கியமானதற்குப் பெயர்; இட்லியைவிடப் பெயர் கடினம். மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, புளிப்பையும் கரியமில வாயுவையும் அது வெளிவிடுகிறது. அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழுவழுப்பு. 1965-இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர் சிலர் இட்லி மாவை ஆராய்ந்து, அது பொங்குவதற்கு இந்த நுண்ணுயிரே காரணம், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் தேவையில்லை என்று எழுதினார்கள்.

"தாத்தா, நீந்துகின்றன!" என்று பேத்தி கூவினாள். பொட்டுகள் யாவும் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. நானும் அப்படியே எண்ணியிருப்பேன். ஆனால் இவ்வகை நுண்ணுயிர்களுக்கு நீந்தும் உறுப்பு கிடையாது என்று படித்திருந்தேன். அப்படியானால் நடுக்கம் எதனால்? அதே கரைசலைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பார்த்தோம். உயிர் போன பிறகும் பொட்டுகள் நடுங்கின. நீரின் கண்காணா மூலக்கூறுகள் எல்லாப் புறமிருந்தும் ஓயாமல் மோதுவதால் உண்டாகும் நடுக்கம் அது. 1827-இல் ராபர்ட் பிரௌன் என்ற தாவர இயலார் மகரந்தத்திலிருந்து சிந்திய துகள்களில் இதைக் கண்டு, உயிரின் அடையாளமோ என்று ஐயுற்று, எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையின் கல்லைக்கூடத் துகளாக்கிப் பார்த்தார். அதுவும் நடுங்கிற்று. காரணத்தைக் கணக்கிட்டுச் சொன்னவர் ஐன்ஸ்டைன், 1905-இல். அசைவதெல்லாம் உயிரல்ல என்று அன்று மாலை முழுவதும் பேத்தி சொல்லிக்கொண்டு திரிந்தாள். தன் தகப்பனார் சோபாவில் படுத்திருப்பதைச் சுட்டி, அசையாததெல்லாம் பிணமுமல்ல என்றாள்.

உண்மையாக நீந்துவதைக் காண வேண்டி வைக்கோல் நீர் வைத்தோம். காச்மீர் ஆப்பிள் பெட்டியில் திணித்து வரும் வைக்கோலைப் பதினைந்து நிமிஷம் கொதிக்க வைத்து, பஞ்சடைத்த புட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் மேலே ஏடு படர்கிறது. கொதித்த நீரில் உயிர் எங்கிருந்து வந்தது? வைக்கோலில் இருக்கும் பாசில்லஸ் என்னும் கம்பி வடிவ பாக்டீரியா, துன்பக் காலத்தில் கெட்டியான வித்தாகச் சுருங்கிக் கொதிநீரையும் தாங்கிக் கிடக்கும் என்பதை ஃபெர்டினாண்டு கோன் 1876-இல் விளக்கினார். ஏட்டின் அடியில் எடுத்த துளியில் சீரகம் போன்ற கம்பிகள் திசை தெரிந்து விரைவதைக் கண்டோம். இதையும் பால்கனியிலேயே வைத்து, வெளுப்பு நீர் ஊற்றிக் கொன்ற பின்பே கொட்டினோம். உள்ளே கொண்டுவருவதில்லை என்பது மருத்துவரோடு செய்த உடன்படிக்கை.

பேத்திக்குத் தமிழ் பேச வரும், எழுத்தில் தடுமாற்றம். அவள் குறிப்பேட்டில் வடிவங்களை எழுதும்போது கோளம், கோல், சுருள் என்று நான் சொன்னவை பிடிக்கவில்லை. கடுகு, சீரகம், முறுக்கு என்று தானே எழுதிக்கொண்டாள். கோக்கஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே தானியமணி என்பதுதான் பொருள் என்றறிந்த போது, அவளுடைய அகராதி என்னுடையதைவிட மூலத்துக்கு அருகில் இருப்பதை ஒப்புக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் அடுக்களையில் ஒரு பெரிய பிரச்சினை கிளம்பிற்று. எங்கள் மருமகள் லக்னோவைச் சேர்ந்தவள். என் மனைவிக்கு விரல்கள் மடங்காமற் போன நாள் முதல் மாவு அரைத்துக் கலப்பது அவள் பொறுப்பு. கரண்டியால்தான் கலப்பாள். இட்லி கல்லாக வரும் நாட்களில், "கை படாத மாவு எப்படிப் பொங்கும்?" என்பாள் என் மனைவி. அந்த ஒரு வாக்கியம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்திருக்கிறது என்று நான் கணக்கு வைக்கவில்லை. பேத்தி அதைச் சோதித்துவிடலாம் என்றாள். தாயாருக்காகச் செய்கிறாளா, விஞ்ஞானத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை.

நான்கு கிண்ணம். முதலாவது, நான் கைவிட்டுக் கலந்த மாவு. இரண்டாவது, கரண்டியால் கலந்தது. மூன்றாவது, ஊறிய உளுந்தையும் அரிசியையும் ஒரு நிமிஷம் கொதிநீரில் போட்டெடுத்து அரைத்தது. கொதிநீரில் உளுந்தின் தன்மையே மாறிப் பொங்காமற் போகலாம் அல்லவா? ஆதலால் நான்காவதாக, மூன்றாவதைப் போலவே செய்து, அதில் பழைய மாவு ஒரு கரண்டி கலந்தது. நான்கையும் ஒரே ரஜாய்க்குள் ஓர் இரவு வைத்தோம். காலையில் முதலிரண்டும் ஒன்று போல் எழும்பியிருந்தன. மூன்றாவது அப்படியே கிடந்தது. நான்காவது சிறிது எழும்பிப் புளித்துமிருந்தது. ஆக, பொங்க வைக்கும் உயிர் தானியத்தோடு, அதிலும் பெரும்பாலும் உளுந்தோடு, வருகிறது. கை இல்லாமலும் காரியம் நடக்கிறது. மருமகள் ஒன்றும் சொல்லாமல் டீ போடப் போனாள். சொல்லாதது அவள் பெருந்தன்மை.

என் மனைவி வெகுநேரம் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் தனியாக, "என்னங்க, அப்போ நாற்பது வருஷம் நான் கைவிட்டுக் கலந்ததெல்லாம் சும்மாவா?" என்றாள். மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். விஞ்ஞானத்தில் இதற்கு விடை இருக்கிறது; அந்த விடையை அப்போது சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அடுத்த இரண்டு வாரம் மாவின் பக்கம் அவள் வரவே இல்லை. வீட்டில் ஒரு சோதனை வெற்றி பெற்றால் எல்லோரும் வெற்றி பெறுவதில்லை.

அப்புறம் நடந்தது பேத்தி திட்டமிட்டதல்ல. மாவு எந்த நேரத்தில் உச்சமாக எழும்புகிறது என்று பார்க்க, கண்ணாடி டம்ளரில் மாவை ஊற்றி, மட்டத்தில் ஒரு நூலைக் கட்டி, மணிக்கொரு முறை அடையாளமிட்டு வந்தாள். மருமகள் கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைப்பவள். டில்லியில் பன்னிரண்டு மணி நேரம் என்பதற்கு ஒரு பொருளும் இல்லை. சித்திரையில் ஆறு மணியில் வழிந்துவிடும், தையில் பதினெட்டு மணியானாலும் அசையாது. முப்பது பாகையை ஒட்டிய வெப்பந்தான் அந்த நுண்ணுயிர்களுக்கு இதமானது. தை மாதத்து அடுக்களையில் அதில் பாதி இருந்தாலே அதிகம். ஒரு நாள் காலை, கூடத்தில் மருந்து விழுங்கிக்கொண்டிருந்த என் மனைவி, "மாவு ஆகிவிட்டது, எடுத்துவிடு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். வாசனை. பேத்தி டம்ளரைப் பார்த்தாள். மட்டம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது என்று எண்ணி விட்டுவிட்டாள். ஒரு மணி கழித்து மாவு இறங்கத் தொடங்கிற்று. மறுவாரமும் பாட்டி சொன்ன நேரமே உச்சம். மூன்றாவது வாரம் அவளுக்கு ஜலதோஷம். அன்று அவள் கணிப்புத் தவறிற்று. மூன்றுக்கு இரண்டு என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. ஜலதோஷத்தை அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டும் என்று பாட்டி வற்புறுத்தியதால் அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. இப்போது மாவு எடுக்கும் நேரம் அவள் சொல்வது, கலப்பது கரண்டி.

தயிரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைச் சாயமேற்றிப் பார்ப்பதே நன்று. தயிரை நீரில் நன்றாகக் கரைத்துச் சில்லில் மெல்லியதாகத் தடவி, தானே உலரவிட்டு, விளக்கின் சுடருக்கு மேல் இரண்டு மூன்று முறை காட்ட வேண்டும். பிறகு மருந்துக் கடையில் வாய்ப்புண்ணுக்கு விற்கும் ஜென்ஷன் வயலட் ஒரு சொட்டு. ஒரு நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும். விரலும் கழுநீர்த் தொட்டியும் ஊதாவாகும். வீட்டாரின் சம்மதத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள். 100 என்று குறித்த வில்லைக்கும் சில்லுக்கும் நடுவே அதற்கென விற்கும் எண்ணெயை ஒரு துளி இட வேண்டும்; நல்லெண்ணெய் வேண்டாம், வில்லை பாழாகும். கடுகுச் சரங்களும் சீரகக் கம்பிகளும் ஊதா நிறத்தில் தெளிவாகத் தெரிந்தன. இதே முறையில் பல்லிடுக்கில் சுரண்டியதையும் பார்க்கலாம். வளர்க்க வேண்டியதே இல்லை. அங்கே ஏற்கெனவே ஒரு நகரம் இருக்கிறது. ஹாலந்து தேசத்தில் துணி வியாபாரம் செய்த லேவன்ஹூக் 1683-இல் தம் பல்லில் எடுத்ததைத்தான் பார்த்து எழுதினார். அதற்கு ஏழாண்டு முன், 1676-இல், மிளகு ஏன் காரமாயிருக்கிறது என்று அறிய விரும்பி, கீழ்த்திசையிலிருந்து கப்பலேறிப் போன மிளகை நீரில் ஊறவைத்து மூன்று வாரம் கழித்துப் பார்த்தார். காரத்தின் காரணம் கிடைக்கவில்லை. அதுவரை மனிதர் எவரும் காணாத நுண்ணுயிர்கள் கிடைத்தன.

பேத்தி இப்போது பழைய சோற்றுக்கு அடி போடுகிறாள். இரவில் நீர் ஊற்றிய சோறு விடியற்காலைக்குள் எப்படிப் புளிக்கிறது, மண்சட்டிக்கும் எவர்சில்வருக்கும் வேற்றுமை உண்டா என்று பார்க்க வேண்டுமாம். இங்கே மண்சட்டி கிடைக்குமா என்று கேட்டேன். லாஜ்பத் நகர்ப் பக்கம் குயவர் கடையில் பார்த்திருக்கிறேன் என்றாள் மருமகள். குளிர் இன்னும் விடவில்லை, பழைய சோறு என்றால் சித்திரை பிறக்கட்டும் என்று கூடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது.